விதை முளைக்கவில்லையா? மருந்து தேடும் முன் தோண்டிப் பாருங்கள்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

"விதைச்சு ஒரு வாரம் ஆச்சு, பாதிகூட வரலை, எதுல ஊறவைக்கலாம்?" இந்தக் கேள்வி பருவம் தவறாமல் வருகிறது. கேட்பவர்களில் பெரும்பாலானோர் மண்ணைத் தோண்டி, போட்ட விதை என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்காமலே அடுத்த மூட்டையை எடுத்து, இந்த முறை இன்னும் அதிக நேரம் ஊறவைத்து, இன்னும் கொஞ்சம் மருந்து சேர்த்துப் போடுவார்கள். அதுவும் வராது.

ஊறவைப்பதும் கடினப்படுத்துவதும் (ஊறவைத்துத் திரும்பக் காயவைப்பது) உயிருள்ள விதையைச் சீக்கிரமாகவும் ஒன்றுபோலவும் முளைக்க வைக்கும். செத்த விதையை எழுப்பாது. அதனால் விதை உயிரோடு இருக்கிறதா, இருந்தால் எது தடுக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும், நேர்த்தியெல்லாம் (விதைக்கும் முன் ஊறவைப்பது, மருந்து கலப்பது போன்றவை) அப்புறம்தான். கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில்.

## எதையும் செய்வதற்கு முன்: இரண்டு வேலைகள்

ஒன்று, தோண்டுவது. வயலில் மேடு, பள்ளம், நடு, ஓரம் என்று வெவ்வேறு இடங்களில் ஒரு முழ நீளத்துக்கு வரிசையைக் கிளறி, கிடைக்கும் விதைகளை ஒரு வெள்ளைத் துணியில் போடுங்கள். ஊறியதா, கெட்டியா, கொழகொழப்பா, முளை வந்து நின்றதா என்று பிரியுங்கள். எந்தக் குவியல் பெரியதோ அதுதான் உங்கள் அறிகுறி.

இரண்டு, மிச்சம் இருக்கும் விதையில் நூறு எண்ணி எடுத்துச் சோதிப்பது. நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பிச் சுருட்டி, பாலித்தீன் பையில் செருகி, வாயை இறுகக் கட்டாமல் வெதுவெதுப்பான நிழலில் (25 முதல் 30 டிகிரி செல்சியஸ்) வையுங்கள். துணியைப் பிழிந்தால் சொட்டக் கூடாது, தொட்டால் ஈரம் தெரிய வேண்டும். இறுதி எண்ணிக்கை எடுக்கும் நாள் பயிருக்குப் பயிர் மாறும்: மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறுக்கு 7, சோளம், நிலக்கடலைக்கு 10, பருத்தி, வெங்காயத்துக்கு 12, நெல், தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு 14. மிளகாயை ஐந்தாம் நாள் பார்த்துவிட்டு "விதை சரியில்லை" என்று தூக்கி எறிபவர்கள் நிறைய.

நேர்த்தி செய்த விதையும் செய்யாத விதையும் இரண்டுமே மிச்சம் இருந்தால் தனித்தனியாக நூறு நூறு வையுங்கள். இந்த ஒரு சோதனை பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். அதனால்தான் எந்த நேர்த்தி செய்தாலும் இரண்டு கைப்பிடி விதையைத் தொடாமல் எடுத்து வைக்கச் சொல்வது.

விடை இப்படிப் பிரியும். துணியில் நன்றாக வந்து வயலில் வரவில்லை என்றால் கோளாறு மண்ணிலோ விதைப்பிலோ, இல்லையென்றால் விதையின் வீரியத்திலோ (சீக்கிரமாக, வலுவாக முளைத்து வரும் திறன்). இரண்டிலும் வரவில்லை என்றால் விதை. நேர்த்தி செய்யாதது வந்து, செய்தது வராவிட்டால் அறிகுறி 6-க்கு நேராகப் போய்விடுங்கள்.

## அறிகுறி 1: விதை ஊறவே இல்லை, போட்டபடியே கிடக்கிறது

ஈரம் போதவில்லையா? தோண்டிய விதையைத் தண்ணீரில் ஓர் இரவு போடுங்கள். காலையில் உப்பியிருந்தால் விதையில் கோளாறு இல்லை, மண்ணில் ஈரம் இல்லை. அல்லது ஈரம் இருந்தும் கட்டிகளுக்கு நடுவே விதை தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. லேசாக ஒரு பாசனம், விதைத்ததும் பலகை ஓட்டி மண்ணை அழுத்துவது, இவ்வளவுதான். இதற்கு மருந்து கிடையாது.

ஓர் இரவு ஊறியும் உப்பவில்லையா? அது கடின விதை. தோல் தண்ணீரை உள்ளே விடாது. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, வெண்டை, அகத்தி, சூபாபுல் ஆகியவற்றில் சகஜம். செத்த விதை என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் நல்ல உயிரோடுதான் இருக்கும். நூற்றுக்குப் பத்துக்குள் இருந்தால் நான் எதுவும் செய்ய மாட்டேன், விதையளவைக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

அதிகமாக இருந்தால், கரகரப்பான மணலோடு சேர்த்துச் சாக்கில் போட்டுத் தேய்ப்பது, அல்லது உப்புத்தாளில் உரசுவது. மேல் பளபளப்பு மங்கினால் போதும். பருப்பு தெரிகிற அளவுக்குப் போனால் அந்த விதை அழுகும். சூபாபுல் மாதிரி ரொம்பப் பிடிவாதமான விதைக்குச் சூடான நீர் நேர்த்தி உண்டு: 80 டிகிரிக்குச் சூடாக்கிய நீரை அடுப்பிலிருந்து இறக்கி, விதைமேல் ஊற்றிச் சில நிமிடங்களில் வடித்து, குளிர்ந்த நீரில் போடுவது. விதையை உள்ளே போட்டு அடுப்பில் கொதிக்க விடுவது வேறு வேலை, அதற்குப் பெயர் சமையல்.

அடர் கந்தக அமிலத்தில் இரண்டு நிமிடம் கிளறிக் கழுவும் முறையும் பயறுகளுக்கு இருக்கிறது. அதை வீட்டில் செய்யாதீர்கள். கண்ணும் தோலும் போகும், நேரம் கொஞ்சம் தப்பினால் விதையும் போகும். பெரிய அளவில் செய்தே ஆக வேண்டுமென்றால் விதை சுத்திகரிப்பு நிலையம்தான் இடம். இன்னொன்று, தோலை உரசிய விதை அதிக நாள் தாங்காது. எவ்வளவு விதைக்கப் போகிறீர்களோ அவ்வளவை மட்டும் உரசுங்கள்.

## அறிகுறி 2: ஊறி உப்பியிருக்கிறது, கெட்டியாக இருக்கிறது, முளை மட்டும் இல்லை

நகத்தால் அழுத்துங்கள், ஒன்றிரண்டைக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே வெண்மையாக, இறுக்கமாக, கெட்ட வாடை இல்லாமல் இருந்தால் விதை உறங்குகிறது அல்லது சூழல் பொருந்தாமல் காத்திருக்கிறது.

தட்பவெப்பம். பருத்தி, மிளகாய், கத்தரி, தக்காளி எல்லாம் மண் 15 டிகிரிக்குக் கீழே போனால் அசையாது. நேர்மாறாக லெட்யூஸ் கீரைக்கு 30 டிகிரியைத் தாண்டினால் முளைப்பு நின்றுவிடும், ஊறவைக்கும் துணிச்சுருட்டைக் குளிர்ந்த இடத்தில் ஓரிரு நாள் வைத்து எடுத்தால் வரும். தட்டு நாற்றங்காலில் இருந்தால் இடம் மாற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை, காசும் ஆகாது.

அறுவடை எப்போது? இதை யாரும் கேட்பதில்லை. போன மாதம் அறுத்த விதையை இந்த மாதம் விதைத்தால் சில பயிர்கள் வரவே வராது. சூரியகாந்தி அறுவடைக்குப் பிறகு ஒன்றரை மாதம் போல உறங்கும். நெல்லில் ரகத்தைப் பொறுத்துச் சில வாரங்கள். நிலக்கடலையில் குத்து ரகங்களுக்கு உறக்கம் கிட்டத்தட்ட இல்லை (அதனால்தான் அறுவடை நேரத்தில் மழை பெய்தால் செடியிலேயே முளைக்கிறது), கொடி ரகங்களுக்கு உண்டு. மலிவான தீர்வு காத்திருப்பது. அவசரமென்றால் நெல்லை 50 டிகிரி உலர்வெப்பத்தில் நான்கைந்து நாள் வைத்து எடுக்கலாம், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் உலர்த்தி இருந்தால் மட்டும். சூரியகாந்திக்கும் கொடி நிலக்கடலைக்கும் எத்ரல் (எத்திலீனை வெளிவிடும் வளர்ச்சி ஊக்கி) கரைசல் கேட்கும். சோதனையில் மட்டும் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீருக்குப் பதிலாக 0.2 சத பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் (லிட்டருக்கு 2 கிராம்) துணியை நனைத்துப் பாருங்கள். அதில் வந்து வெறும் நீரில் வராவிட்டால் உறக்கம் என்று கிட்டத்தட்ட முடிவே செய்யலாம்.

மேலே இருக்கும் தடுப்புப் பொருள். பீட்ரூட் விதைக்கட்டியை ஓடும் நீரில் இரண்டு மணி நேரம் அலசினால் மாற்றம் தெரியும். பப்பாளி விதையின் வழவழப்பு உறையைச் சாம்பலிலோ மணலிலோ தேய்த்துக் கழுவாமல் போட்டால் இழுத்துக்கொண்டே போகும். கொத்தமல்லியை இரண்டாக உடைத்துத்தான் போட வேண்டும், முழு மணியாகப் போட்டுவிட்டு எதில் ஊறவைக்கலாம் என்று யோசிப்பது வீண்.

இதெல்லாம் இல்லை என்றால்? விதைப் பரிசோதனை நிலையத்தில் டெட்ராசோலியம் சோதனை கேளுங்கள். உயிருள்ள திசு சிவப்பாக நிறம் மாறும், செத்தது மாறாது. முளைக்கும்வரை காத்திருக்காமல் ஓரிரு நாளில் விடை கிடைக்கும். உறக்கமா, சாவா என்று கைவைத்தியத்தில் பிரிக்க முடியாத இடம் இதுதான்.

## அறிகுறி 3: கொழகொழவென்று அழுகிக் கிடக்கிறது

வயலில் எங்கே அழுகியிருக்கிறது என்று பாருங்கள். பள்ளத்தில் மட்டும் என்றால் தண்ணீர் தேங்கியிருக்கிறது, விதைக்கு மூச்சு முட்டியிருக்கிறது. வடிகால் வெட்டி அந்தத் திட்டுகளில் மறு விதைப்பு செய்யுங்கள், கதை முடிந்தது.

வயல் முழுக்க ஒரே மாதிரி அழுகியிருந்தால் துணிச்சோதனை முடிவைப் பாருங்கள். அதிலும் அழுகினால் விதை செத்தது. சேமிப்பில் போயிருக்கும். விதை ஈரத்தை ஒரு சதம் குறைத்தால் ஆயுள் சுமார் இரட்டிப்பு, சேமிக்கும் இடத்தின் வெப்பத்தை 5 டிகிரி குறைத்தால் மறுபடி இரட்டிப்பு என்று விதை அறிவியலாளர் ஹாரிங்டன் சொன்ன கணக்கு இன்றைக்கும் பொருந்துகிறது. தகரக் கூரைக்கு அடியில் ஈரச் சுவரை ஒட்டி அடுக்கிய மூட்டைக்கு இதையே தலைகீழாகப் போட்டுக்கொள்ளுங்கள். வெங்காயம், சோயா, தோல் உரித்த நிலக்கடலை மூன்றும் முதலில் போகும்.

முளைப்பு 80 வர வேண்டிய இடத்தில் 60 வந்தால் 80-ஐ 60-ஆல் வகுத்து, ஒரு கிலோவுக்கு 1.33 கிலோ என்று விதையளவைக் கூட்டலாம். பாதிக்கும் கீழே போய்விட்டால் இந்தக் கணக்கு வேலை செய்யாது. பிழைத்த பாதியும் சோனியாகத்தான் இருக்கும், சோதனைத் துணியில் வந்தது வயலில் வராது. வேறு விதை வாங்குங்கள்.

துணியில் நன்றாக வந்து வயலில் அழுகியிருந்தால், அதுவும் சோயா, அவரை, பட்டாணி, நிலக்கடலை என்றால், வேறொரு காரணம் இருக்கிறது. ரொம்பக் காய்ந்த பருப்பு விதை திடீரென்று நிறையத் தண்ணீரைப் பார்த்தால் உள்ளே செல்கள் கிழிந்து சத்து வெளியே கசியும். அந்தக் கசிவைத் தின்னப் பூஞ்சை வரும், நாம் பூஞ்சையைத் திட்டுவோம். சோதிப்பது சுலபம்: ஒரு கைப்பிடி விதையைத் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரத்தில் நீர் கலங்குகிறதா, பருப்பு இரண்டாகப் பிளக்கிறதா என்று பாருங்கள். அப்படி என்றால் அந்த விதையை நீரில் மூழ்க வைக்கவே கூடாது. ஈரச் சாக்குகளுக்கு நடுவே ஓர் இரவு வைத்து மெதுவாக ஈரம் ஏற்றி, ஈரமான மண்ணில் விதையுங்கள். காய்ந்த மண்ணில் போட்டு மேலே வெள்ளமாகப் பாய்ச்சுவதுதான் இந்த விதைகளைக் கொல்லும் நிச்சயமான வழி. தோலில் விரிசல் இருந்தால் இன்னும் மோசம், அடிக்கும் இயந்திரத்தின் வேகத்தை அடுத்த அறுவடையில் குறைக்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி 4: மண்ணுக்குள் முளைத்திருக்கிறது, மேலே வரவில்லை

ஆழத்தை அளந்து பாருங்கள், கண்ணால் மதிப்பிடாதீர்கள். விதையின் பருமனைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்பது பொதுக் கணக்கு. எள்ளும் கீரையும் இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் திணறும், மக்காச்சோளம் ஐந்து சென்டிமீட்டரிலிருந்து தாராளமாக வரும். குட்டை ரகக் கோதுமைக்கு முளையுறையும் (முளையை மூடி மண்ணைத் துளைத்து வரும் உறை) குட்டை, நெட்டை ரகத்தைப் போட்ட ஆழத்திலேயே அதையும் போட்டால் உள்ளேயே சுருண்டுவிடும்.

ஆழம் சரியாக இருந்தால் மேல்மண் ஓடு பிடித்திருக்கும். விதைத்த மறுநாள் அடைமழை, அதற்கடுத்த நாள் வெயில் என்றால் எதிர்பார்க்க வேண்டியதுதான். பருத்தி, சோயா, அவரை மாதிரி பருப்பையே தூக்கிக்கொண்டு மேலே வரும் பயிர்கள் இதில் மாட்டிக்கொள்ளும், கழுத்து வளைந்து ஒடியும். லேசாகத் தெளித்து அந்த மேல்மண் ஓட்டை ஈரமாகவே வைத்திருங்கள், அல்லது இலேசான முள்கலப்பையால் கீறி விடுங்கள். அடுத்த முறை இப்படிப்பட்ட மண்ணில் ஒரு குழிக்கு இரண்டு மூன்று விதை சேர்த்துப் போட்டால் ஒன்றுக்கொன்று முட்டி உடைத்து வந்துவிடும், அப்புறம் கலைத்துக்கொள்ளலாம்.

## அறிகுறி 5: சிலது மூன்றாம் நாள், சிலது பத்தாம் நாள்

படுகை சமமில்லாதது, ஆழம் மாறி மாறி விழுந்தது, பழைய விதையும் புதிய விதையும் கலந்தது ஆகிய மூன்றையும் முதலில் தள்ளிவிடுங்கள். அதற்குப் பிறகும் இழுத்துக்கொண்டே முளைத்தால் வீரியக் குறைவு. முளைப்புத்திறனும் வீரியமும் ஒன்றல்ல: துணியில் நூற்றுக்குத் தொண்ணூறு வந்திருக்கும், ஆனால் பாதி எட்டாம் நாள்தான் வந்திருக்கும்.

வீட்டிலேயே வீரியம் பார்க்க ஒரு பழைய சோதனை இருக்கிறது, 1911-இல் ஜெர்மனியில் ஹில்ட்னர் சொன்னது. செங்கல்லை உடைத்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் துண்டாகச் சலித்து, நனைத்து, தட்டில் கொஞ்சம் பரப்பி நூறு விதையை வைத்து, மேலே மூன்று சென்டிமீட்டர் அதே செங்கல் பொடியை மூடிவிடுங்கள். அந்தப் பாரத்தைத் தள்ளிக்கொண்டு எத்தனை மேலே வருகிறதோ அத்தனைதான் வயலில் நம்பக்கூடியது.

நெல்லாக இருந்தால் முதலில் உப்புக்கரைசலில் தரம் பிரியுங்கள். பத்து லிட்டர் நீரில் புது முட்டை ஒன்றைப் போட்டு, அது மேலே வந்து ஒரு நாணய அளவுக்குத் தெரியும்வரை உப்பைக் கரையுங்கள். விதையைக் கொட்டி, மிதப்பதை எடுத்துவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். கழுவாமல் விட்டால் உப்பே முளைப்பைக் கெடுக்கும்.

அடுத்தது ஊறவைத்து விதைப்பது. நேர்த்தி என்ற சொல்லுக்கு நிஜமாகவே பலன் தெரிகிற இடம் இதுதான், செலவும் தண்ணீர் மட்டும். மக்காச்சோளம், நெல்லுக்கு 12 முதல் 18 மணி நேரம், சோளத்துக்கு 10, கொண்டைக்கடலைக்கு 8. எடுத்து மேல் ஈரம் போக நிழலில் ஆற்றி, அன்றே ஈரமான மண்ணில் விதைத்துவிட வேண்டும். காய்கறிக்குச் சவ்வூடு கரைசலில் (விதைக்குள் நீர் மெதுவாக, அளவோடு போக வைக்கும் கரைசல்) நேர்த்தி செய்து விற்கும் விதை வருகிறது, தட்டு நாற்றங்காலில் ஆயிரக்கணக்கில் ஒன்றுபோல வேண்டுமென்றால் வாங்கலாம். வீட்டுத் தோட்டத்துக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

## அறிகுறி 6: நேர்த்தி செய்த விதைதான் மோசம், செய்யாதது நன்றாக இருக்கிறது

அதிகம் வரும் புகார் இது. கேட்டுக்கொண்டே போனால் கீழே இருப்பதில் ஏதோ ஒன்றில்தான் போய் நிற்கும்.

எவ்வளவு நேரம் ஊறியது? "ராத்திரி போட்டேன், வேலை வந்துடுச்சு, மறுநாள் சாயங்காலம்தான் எடுத்தேன்" என்று சொன்னால் மேலே கேட்க வேண்டியதில்லை. ஒவ்வொரு விதைக்கும் ஒரு பாதுகாப்பு எல்லை உண்டு: தண்ணீரை விட்டு எடுத்த பிறகும் தானாக முளை விட்டுக்கொண்டு போனால் எல்லை தாண்டிவிட்டது. உங்கள் ரகத்துக்கு அது எவ்வளவு என்று தெரிய, சிறு குவியல்களாக 8, 12, 18, 24 மணி நேரம் ஊறவைத்து எடுத்து, மேல் ஈரம் ஆற்றி ஒரு நாள் வெறுமனே விடுங்கள். எந்தக் குவியலில் வேர் எட்டிப் பார்க்கவில்லையோ அதில் நீளமான நேரம் உங்கள் எல்லை.

ஊறவைத்ததா, கடினப்படுத்தியதா? இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வரும் நஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. ஊறவைத்து ஈரம் ஆற்றியது ஈரமண்ணுக்கானது. மழையை நம்பிக் காய்ந்த மண்ணில் போடுவதாக இருந்தால், ஊறிய விதையை நிழலில் பழைய எடைக்கே திரும்பக் காயவைக்க வேண்டும், அதுதான் கடினப்படுத்துதல். ஊறிய விதையைக் காய்ந்த மண்ணில் போட்டால் அதிலிருக்கும் ஈரத்தையும் மண் உறிஞ்சிவிடும். சந்தேகமென்றால் ஊறவைக்கும் முன் ஒரு கிலோவை எடை போட்டுத் தனித்துணியில் கட்டி வைத்து, காயவைத்த பின் மறுபடி எடை போடுங்கள்.

காயவைத்த விதம். முளைவேர் வெளியே தெரிந்த விதையை மறுபடி நன்றாகக் காயவைத்தால் வேர் கருகிவிடும், அது திரும்பாது. உச்சி வெயிலில் சிமென்ட் தரையிலோ தார்ப்பாயிலோ காயவைப்பதும் அதே கதி. நிழல், காற்று, மெல்லிய அடுக்கு, அடிக்கடி கிளறல்.

கரைசல் அளவு. ஒரு சதம் என்றால் லிட்டருக்கு 10 கிராம். அரை சதம் என்றால் 5 கிராம். நூறு பி.பி.எம். என்றால் லிட்டருக்கு 100 மில்லிகிராம், அதாவது பத்து லிட்டருக்கு ஒரு கிராம். இந்தக் கடைசிக் கணக்கில்தான் வழுக்குகிறார்கள், நூறு பி.பி.எம். துத்தநாகச் சல்பேட்டை லிட்டருக்குப் பத்து கிராம் போட்டால் நூறு மடங்கு. வழக்கமான பரிந்துரைகள்: நேரடி விதைப்பு நெல்லுக்கு 1 சத பொட்டாசியம் குளோரைடில் 16 மணி நேரம், சோளத்துக்கு 2 சத பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டில் 6 மணி, நிலக்கடலைக்கு 0.5 சத கால்சியம் குளோரைடில் 6 மணி, உளுந்து, பாசிப்பயறுக்கு 100 பி.பி.எம். துத்தநாகச் சல்பேட்டில் 3 மணி. பயறுக்குக் கிலோவுக்கு 350 மில்லி கரைசல் போதும், மூழ்கடிக்க வேண்டாம். ஏன் என்று அறிகுறி 3-இல் பார்த்தோம்.

எதை எதோடு கலந்தீர்கள்? கார்பென்டாசிம் தூவிய கையோடு டிரைக்கோடெர்மாவையும் போட்டால், பூஞ்சைக்கொல்லி அந்த நல்ல பூஞ்சையையும் சேர்த்துத்தான் கொல்லும். இரண்டில் ஒன்று போதும். ரைசோபியம் (பயறு வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர்) போடுவதாக இருந்தால் வரிசை: பூஞ்சைக்கொல்லி முதலில், பூச்சிக்கொல்லி அடுத்து, ஒரு நாள் இடைவெளி விட்டு ரைசோபியம் கடைசியில், விதைக்கும் அன்று. ஒட்டவைக்கும் கஞ்சி ஆறியிருக்க வேண்டும், சூடாக ஊற்றினால் நுண்ணுயிரும் வேகும்.

வெந்நீர் நேர்த்தியா? முட்டைக்கோசுக்கு 50 டிகிரியில் 25 நிமிடம், தக்காளிக்கும் அதே. விதைவழி நோய்க்கு நல்ல முறைதான், ஆனால் விரலை விட்டுப் பார்த்து 50 டிகிரி என்று சொல்லக் கூடாது. வெப்பமானி இல்லையென்றால் இதைத் தொடாதீர்கள். பழைய விதைக்கும் வேண்டாம், தாங்காது.

நெல் மூட்டை சூடேறியதா? முளைகட்ட வைத்த சாக்குக்குள் கையை விட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் நடுவில் இருப்பது வெந்துவிட்டது. சிறிய மூட்டையாகக் கட்டி, அவ்வப்போது புரட்டித் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஊறும் நீரையும் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், புளித்த வாடை வந்தால் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம்.

எத்தனை நாள் வைத்திருந்தீர்கள்? நேர்த்தி செய்த விதை சேமிப்பில் சீக்கிரம் தளரும். மழை தள்ளிப்போய் மூன்று வாரம் மூட்டையிலேயே இருந்தால் விதைக்கும் முன் மறுபடி துணிச்சோதனை போடுங்கள்.

விதைக்கும் கருவியையும் ஒரு கண் பாருங்கள். ஊறி உப்பிய விதை துளையில் சிக்கும், பருப்பு நசுங்கும். வரிசையில் இடைவெளி விழுவதை முளைப்புக் குறைவு என்று தவறாகக் கணக்கெடுப்பதும் உண்டு.

## அறிகுறி 7: வந்தது, பிறகு தண்டு அடியில் சுருங்கிச் சாய்கிறது

நாற்றழுகல். நெருக்கமாக விதைத்தது, மாலையில் தண்ணீர், ஈரம் வடியாத படுகை. முதலில் தண்ணீரைக் குறைத்துக் காற்றோட்டம் கொடுங்கள், பாதி அங்கேயே நிற்கும். அடுத்த விதைப்புக்கு உயர்ந்த படுகை, விதைக்குக் கிலோவுக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா) 10 கிராம். இதற்குப் பிறகும் திட்டுத்திட்டாகப் பரவினால் நாற்றைப் பிடுங்கி வேரோடு தாவர நோயியல் தெரிந்தவரிடம் காட்டுங்கள், கடையில் கேட்டு மூன்று மருந்தைக் கலந்து ஊற்றாதீர்கள்.

## அறிகுறி 8: வேர் நுனி கருகி, தண்டு தடித்துக் குட்டையாக நிற்கிறது

விதைக்குப் பக்கத்திலேயே யூரியா விழுந்ததா? களைக்கொல்லி எச்சமா? விதை மருந்து அளவு மிஞ்சியதா? மண் உப்பா? தொட்டிச் சோதனையில் பிரிக்கலாம்: ஒரு தொட்டியில் வயல் மண், இன்னொன்றில் எதுவும் தெளிக்காத வேறு மண், இரண்டிலும் அதே விதை. வயல் மண்ணில் மட்டும் கோணலாக வந்தால் மண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். இரண்டிலும் என்றால் விதையிலோ அதற்குப் போட்ட மருந்திலோ தேடுங்கள்.

## விதையையே காணோம்

எறும்பு, பறவை, எலி. தோண்டினால் வெறும் தோல் கிடக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. முளைப்புத்திறனோடு இதற்குச் சம்பந்தமே இல்லை.

## ஆய்வகத்துக்கோ அதிகாரியிடமோ எப்போது போவது

துணிச்சோதனையில் வந்த எண்ணிக்கை, பையின் சீட்டில் போட்டிருக்கும் முளைப்புச் சதத்தைவிட வெகுவாகக் குறைந்து, அந்த விதைக்குக் காலாவதி நாளும் ஆகவில்லை என்றால் இனி உங்கள் வேலை இல்லை, புகார் செய்ய வேண்டியது. சோதனையை ஒருமுறை திரும்பச் செய்துவிட்டு, விதை ஆய்வாளரையோ வேளாண் அலுவலரையோ கூப்பிடுங்கள். வயலை அதற்குள் உழுதுவிடாதீர்கள், அவர் பார்க்க ஒன்றும் இருக்காது. ரசீது, பை, சீட்டு, மிச்ச விதை எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

ஆய்வகத்துக்கு அனுப்பும் மாதிரியை மூட்டையின் மேலே, நடுவே, அடியில் மூன்று இடத்திலும் எடுத்துக் கலக்குங்கள். நேர்த்தி செய்யாத விதையாக இருக்க வேண்டும். முளைப்புச் சோதனைக்குத் துணிப்பையில் போடுங்கள், ஈரப்பதம் பார்க்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாகக் காற்றுப் புகாத பாலித்தீன் பையில் கட்டுங்கள். ரகத்தின் பெயர், குவியல் எண், வாங்கிய தேதி மூன்றையும் சீட்டில் எழுதி ஒன்றைப் பைக்குள்ளே போட்டு, ஒன்றை வெளியே கட்டிவிடுங்கள்.